ஒன்றுமே நடக்காதது போல் இரண்டு முன்பற்கள்

என் மேல்வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டு பற்களும் என்னுடையவை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மூன்று மாதம் நடையாய் நடந்து போட்டுக்கொண்டவை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது பல் உடைந்தால் என்னிடம்தான் கேட்கச் சொல்கிறார்கள். உடைந்த பல்லின் மேல் உறை மாதிரி மாட்டும் கேப்பை எந்தப் பொருளில் போடுவது, நிறம் எப்படிப் பார்ப்பது, எத்தனை தடவை போக வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். பல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். சொன்ன பிறகு, பொய் சொல்லிவிட்ட மாதிரி இருக்கும். அதனால் முழுவதையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். அடித்து வரும் பம்பரை விளக்கடியில் வைத்து, கீறல், தூசி, நிற வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. என் கணவர் இசக்கிராஜுக்குச் சங்கரன்கோவில் பக்கம். வல்லம் வடகாலில் மெஷின் ஓட்டுகிறார். இருங்காட்டுக்கோட்டையில் நண்பர்களோடு ரூமில் தங்கியிருந்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். என் அம்மா இருக்கும் பென்னலூரிலேயே நாங்களும் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டோம். நான்கு வருஷம் கழித்து எனக்குக் குழந்தை தங்கியது.

ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ் குலுக்குகிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். மறுநாளிலிருந்து இசக்கி தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு, மதியம் என்னை பைக்கில் கூட்டிப்போக வந்துவிடுவார். ஆமை மாதிரிதான் ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்த நான்காவது நாள், வல்லம் வடகால் தாண்டி, முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. இவரும் பிரேக் பிடித்தார். சாலையில் சிந்திக் கிடந்த ஜல்லியில் பைக் வழுக்கியது. அவர் இடது பக்கம் மண்ணில் விழுந்தார். நான் வலது பக்கம், நடுத்திட்டின் கல் விளிம்பில் விழுந்தேன். வயிறும் முகமும் ஒன்றாக மோதின. வாயில் மணல் மாதிரி என்னவோ நிரடியது. துப்பினேன். மணல் இல்லை, பல்.

ஆம்புலன்ஸில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மேலுதடு கிழிந்து தொங்கியது. முகம் முழுக்க ரத்தம் என்பதால் எல்லாரும் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு வயிறு கல் மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லத்தான் பார்த்தேன். 'வ' என்ற எழுத்தைச் சொல்ல மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "அயிறு, அயிறு" என்றேன். நர்ஸுக்குப் புரியவில்லை. "பேசாதீங்கம்மா, தையல் போடணும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்கேன் அறைக்கு ஓடினார்கள்.

அந்தச் சில நிமிஷங்களில் எதுவும் மாறியிருக்காது என்று மகப்பேறு டாக்டர் பின்னால் பல தடவை சொன்னார். நான் நம்புகிறேன். நம்பாமல் இருக்க முடியாது என்பதால் நம்புகிறேன்.

ஸ்கேன் செய்தவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. குழந்தைக்குச் சத்தும் மூச்சும் போவது நஞ்சுக்கொடி வழியாக. அது கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். விழுந்த வேகத்தில் அது சுவரை விட்டு உரிந்துவிட்டது. உரிந்த இடத்தில் ரத்தம் கட்டியதால்தான் வயிறு அப்படி இறுகியது. குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுபோயிருந்தது.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. வலி வருவதற்கு மருந்து கொடுத்து, பிரசவம்தான் ஆக வேண்டும் என்றார்கள். உயிருள்ள குழந்தைக்கு எப்படி வலி வருமோ அப்படியேதான் வந்தது. உதட்டில் தையல் இருந்ததால் வாயைத் திறந்து கத்தவும் முடியவில்லை. பெண் குழந்தை என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்.

காட்டுங்கள் என்று கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "வாணாம்டி. பாத்தா மறக்கவே முடியாது. சொன்னா கேளு" என்றாள். நான் மயக்கமாகவும் களைப்பாகவும் இருந்தேன். கேட்டுவிட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனதை மட்டும் பார்த்தேன். இசக்கியும் என் மாமாவும் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது இசக்கியின் சட்டைக் கையில் மண் ஒட்டியிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லி வைக்கவில்லை. உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. காலையில் எழுந்தால் மார்பு கனத்து, நைட்டி நனைந்திருந்தது. நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அம்மா ஒரு துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடக் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. "பல்லு தானே, கட்டிக்கலாம்." "இப்போல்லாம் ஒரிஜினல் மாரியே வெக்கறாங்கோ." "எங்க நாத்தனாருக்குக்கூட கேப்புதான், தெரியவே தெரியாது." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். சரி செய்ய முடிகிற ஒன்று என் முகத்தில் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. எல்லாருடைய இரக்கமும் அந்த இரண்டு பற்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகு இசக்கியும் பல்லைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. "நல்ல டாக்டரா விசாரிச்சுருக்கேன் புள்ள. கட்டிருவோம்" என்பார். காய்கறியைக் குழைய வேகவைத்து மசித்துக் கஞ்சியில் கலந்து, ஸ்பூனை வாயின் ஓரமாக விட்டு ஊட்டுவார். மிச்சக் கஞ்சியைத் தானும் குடிப்பார். நான் எதையும் மெல்ல முடியாமலிருந்த அந்த நாட்களில் அவரும் எதையும் மென்று சாப்பிடவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

தையல் ஆறியதும் டாக்டர் நஸ்ரீனிடம் போனோம். முப்பத்தைந்து வயதிருக்கும். நிதானமாகப் பேசுவார். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். இடது பல் பாதியில் உடைந்து உள்ளே இருக்கும் நரம்பு வெளியே தெரிந்தது. வலது பல் ஈறுக்குப் பக்கத்திலேயே முறிந்திருந்தது. ஆனால் இரண்டின் வேரும் கெட்டியாக இருந்ததால் பிடுங்க வேண்டியதில்லை. பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு, அந்தக் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கேனால். முறிந்த பல்லில் மேலே கேப் உட்காரப் பிடிமானம் இல்லை. அதனால் வேருக்குள் ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பியைப் பதித்து, அதன் மேல் ஒரு சின்னக் குட்டிப் பல் கட்டி, அதற்குத்தான் கேப் மாட்டுவார்கள். ஊசி போடும்போதுதான் வலி. மற்றபடி பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. நான் அந்தச் சமயத்தில் வலிக்குப் பயப்படும் நிலையிலும் இல்லை.

அவ்வளவும் முடிந்து, நிறம் பார்க்கும் நாள் வந்தது. ஒரு வளையத்தில் கோத்த மாதிரிப் பற்களை என் பக்கத்துப் பல்லோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். வந்து உட்கார்ந்த உடனே, வாய் காய்வதற்கு முன்னால் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். லிப்ஸ்டிக், பளிச்சென்ற புடவை எதுவும் கூடாது. டாக்டர் மேலே எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த லைட்டுல பாக்காதீங்க மேடம். இது மஞ்சள் அடிக்குது. ஒரு லைட்டுல சேர்ற கலரு இன்னொரு லைட்டுல சேராது. எங்க கம்பெனி லைன்ல மூணு லைட்டுல பாப்போம். ஜன்னல்கிட்ட போயிடலாமா?" என்றேன். அடிபட்ட பிறகு நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஜன்னல் பக்கம் போனோம். அங்கே அந்த நிறம் சேரவில்லை. வேறொன்றை எடுத்தார்.

"கலருக்குப் பக்கத்துப் பல்லு இருக்கு. ஷேப்புக்கு என்ன பண்றது?" என்றார் டாக்டர். "ரெண்டு முன்பல்லும் ஒண்ணா போயிடுச்சே. நல்லா வாய் தெறந்து சிரிக்கிற பழைய போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

என் வலது பல் இடது பல்லின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் எந்த போட்டோவிலும் நான் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். கல்யாண ஆல்பத்தில்கூட ஒரு பல் தெரியாது. இசக்கி போனில் தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினார். அடுத்த தடவை போனபோது டாக்டரின் திரையில் அது இருந்தது. மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே இசக்கி வெட்டியிருந்தார். வெறும் வாய் மட்டும்.

"இது போதாது சார். உதடு எப்படி நிக்குது, முகத்துக்குப் பல்லு எவ்ளோ நீளம் இருந்துச்சுன்னு பாக்கணும். முழு போட்டோ இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

இசக்கி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இருக்கு" என்றார். ஆனால் அனுப்பவில்லை. நான்தான் போனை வாங்கி அனுப்பினேன்.

திரையில் முழுப் படம் வந்தது. ஐந்தாம் மாதம் அம்மா வீட்டில் எனக்குப் பூ முடித்த அன்று எடுத்தது. பச்சைப் புடவை, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம், ஒரு கை வயிற்றின் மேல். இசக்கி ஏதோ சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். டாக்டர் பெரிதாக்குவதற்காகக் கையை மௌஸில் வைத்தவர் அப்படியே எடுத்துவிட்டார். எங்கள் விஷயம் அவருடைய கேஸ் தாளில் 'விபத்து' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

"அடிபட்டப்ப எத்தனை மாசம்?" என்றார்.

"அஞ்சரை."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். "இந்தச் சிரிப்பையே பாத்துச் செய்யச் சொல்றேன்" என்றார்.

பத்து நாள் கழித்து கேப் வந்தது. ஒட்டுவதற்கு முன்னால் சும்மா மாட்டிப் பார்ப்பார்கள். உள்ளே உலோகம் வைத்துச் செய்தால் வெளிச்சம் ஊடுருவாது, ஈறோரம் கறுப்புக் கோடும் விழலாம் என்று, முழுக்கப் பீங்கானிலேயே செய்யச் சொல்லியிருந்தோம். கண்ணாடியில் பார்த்தேன். பளீரென்று இருந்தன. நேராக, ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பற்கள். ஏறியிருந்த பல்லையும் கேப் செய்யும் லேப்பில் நேராக்கிவிட்டிருந்தார்கள். கூட வந்திருந்த அம்மா, "அய்ய, இன்னாமா கீது பாரு! முன்னால இருந்தத விட அழகா கீதுடி" என்றாள். இசக்கி முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இது வேணாம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டரிடம் சொன்னேன். "நிஜப் பல்லு இப்படி ஒரே கலரா இருக்காது மேடம். ஈறு பக்கம் கொஞ்சம் மஞ்சளா, நுனியில கண்ணாடி மாதிரி இருக்கும். இது பெயின்ட் தடிப்பா விழுந்த மாதிரி இருக்கு. எங்க லைன்ல வந்திருந்தா ரிஜெக்ட் போட்டிருப்பேன். பல்லும் பழைய மாதிரி ஏறியிருக்கணும்."

டாக்டர் கோபப்படவில்லை. "திருப்பி அனுப்பறேன். நாம போட்டுக்கிட்டுத் திரியப்போறது நம்ம வாயில. பிடிக்காம ஒட்டக் கூடாது" என்றார். கேப் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான். ஒட்டுவதற்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். ஒட்டிய பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அம்மா முன்னால் இறங்கிப் போய்விட்டாள். படிக்கட்டில் இசக்கி நின்றார்.

"நல்லாத்தான இருந்துச்சு? எல்லாரும் நல்லாருக்குன்னுதான சொன்னாவ? கோணப்பல்லு வேணும்னு யாராச்சும் கேப்பாவளா? ஒனக்கு என்னதான் வேணும் புள்ள?"

"பல்லு, பல்லு, பல்லு! மூணு மாசமா வேற ஏதாச்சும் எங்கிட்ட பேசினீங்களா? நீங்க பாத்தீங்க இல்ல? கையில வாங்கினீங்க இல்ல? ஒரு வார்த்த சொன்னீங்களா எங்கிட்ட?"

குரல் உயர்ந்துவிட்டது. மேலே ஏறி வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். இசக்கி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸு குலுக்கும்னு கூட்டிட்டு வந்தது நான்தான? வண்டி ஓட்டுனதும் நான்தான? எனக்கு ஒரு கீறல்கூட இல்ல. அத என்னால சரி பண்ண முடியாது. பல்லத்தான் சரி பண்ண முடியும். அதான் பல்லு பல்லுன்னு அலையுதேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாயில் வரவில்லை. "எப்படி இருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தன் இடது கையை மடக்கி, உள்ளங்கையைப் பார்த்தார். "இதுக்குள்ள அடங்கிட்டா. தல இங்கன, காலு முழங்கைக்கிட்ட. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. வெரல்லாம் முழுசா இருந்துச்சு, எண்ணிப் பாத்தேன். மூக்கு எங்க ஆளுவ மூக்கு. மேலுதடு அப்படியே ஒன் உதடு. நடுவுல கூம்பிக்கிட்டு, ஏதோ சொல்லப் போற மாரி." முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன். மருத்துவமனையில் அழாததெல்லாம் அந்தப் படிக்கட்டில் வந்தது. அம்மா கீழேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மேலே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

அடுத்த தடவை நான் பல்லை முன்பு மாதிரிப் பார்க்கவில்லை. மேலுதட்டுக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுப்பது முன்பற்கள்தான். கேப் தடிப்பாக இருந்தால் உதடு முன்னால் தள்ளும், மெல்லியதாக இருந்தால் உள்ளே விழும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்த லேப்காரரே நேரில் வந்திருந்தார். நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். என்னை ஜன்னலோரம் நிற்க வைத்து, போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேப்பைக் கழற்றி விளிம்பில் துளி தேய்ப்பார், மாட்டுவார், மறுபடி தேய்ப்பார். ஈறோரம் லேசான மஞ்சள், நுனியில் கண்ணாடி போன்ற நீரோட்டம், வலது பல் இடது பல்லின் மேல் அரிசியளவு ஏறி நின்றது.

கண்ணாடியில் நான் உதட்டைத்தான் பார்த்தேன். தையலின் தழும்பு ஒரு பக்கம் இழுத்தாலும், நடுவில் அந்தக் கூம்பு பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். நான் பார்க்காத என் மகளின் முகத்தில் இந்த உதட்டை மட்டுமாவது என்னால் பார்க்க முடிந்தது.

"ஓகேவா?" என்றார் டாக்டர் நஸ்ரீன்.

"ஒட்டிடுங்க மேடம்" என்றேன்.

மறுவாரம் வேலைக்குப் போனேன். பக்கத்து டேபிளில் நிற்கும் குமுதா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையுறையைக் கழற்றிவிட்டு ஓடி வந்து என் முகத்தைப் பிடித்து, மேலே எரியும் விளக்குகளுக்கு நேராகத் திருப்பினார். நிறம் பார்ப்பதில் எங்கள் லைனிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை.

"எதும்மே கேப்பு? எனக்கே தெர்லியே! அப்டியே ஒண்ணுமே ஆவாத மாரி கீது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத வுடு. கலைஞ்சா இன்னா, அடுத்தது சீக்கிரமே நிக்கும். நெனச்சிகினு இருக்காத" என்றார்.

பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று நான்தான் அவ்வளவு பாடுபட்டேன். தெரியவில்லை என்று அவர் சொன்னதும் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

"கலையலக்கா," என்றேன். "எனக்குப் பொண்ணு பொறந்தா. செத்துப் பொறந்தா."

குமுதா அக்காவின் கை என் முகத்திலிருந்து இறங்கியது. பின்னால் பம்பர்கள் வந்துகொண்டிருந்தன. சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"யார் மாரி இருந்தா?" என்று கேட்டார்.

என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"மூக்கு அவரு மாதிரி. உதடு என் உதடுக்கா."

விளக்குக்கு அடியில் அவர் என் உதட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.